காதில்லாத பாம்புக்குக் காலடி கேட்குமா?

கேள்வி: ராத்திரி மடை திருப்பப் போகும்போது, பாம்பு விலகிப் போகட்டும் என்று செல்போனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு நடக்கிறேன். "பாம்புக்குத்தான் காதே கிடையாதே" என்று பக்கத்து வயல்காரர் சிரிக்கிறார். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியால் பாம்பை விரட்டும் என்று சொல்லி விற்கிறார்களே, வரப்பில் நட்டுவைக்கும் அல்ட்ராசோனிக் கருவி, அதை வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது பாதி சரி. பாம்புக்கு வெளிக்காதும் இல்லை, செவிப்பறையும் இல்லை. ஆனால் உள்காது உண்டு. தாடை எலும்பிலிருந்து மெல்லிய எலும்பு ஒன்று அந்த உள்காதுக்குப் போகிறது. தலையைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும் பாம்புக்கு மண்ணின் அதிர்வு முக்கியமாக இந்த வழியாகத்தான் எட்டுகிறது. கண்ணே காது என்று நினைத்துக் 'கட்செவி' என்று பெயர் வைத்தார்கள் (வாட்ஸ்அப்பைக்கூட இப்போது சிலர் 'கட்செவி அஞ்சல்' என்கிறார்கள்!). தாடைச்செவி என்றிருந்தால் இன்னும் பொருத்தம்.

காற்றில் வரும் சத்தமும் ஓரளவு கேட்கும். மலைப்பாம்பு வகை ஒன்றை 2012-ல் சோதித்தபோது, 80 முதல் 160 ஹெர்ட்ஸ் (ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரையிலான தாழ்ந்த ஒலிக்குத்தான் அதன் காது நன்றாக வேலை செய்தது. செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் வராததே அந்த அடித்தொனிதான். அதிலிருந்து வரும் கீச்சுக்குரல் உங்களுக்குத் துணை, அவ்வளவே. அல்ட்ராசோனிக் கருவியோ 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்துகிறது. பாம்பின் காது 1,000-ஐத் தொடுவதே சிரமம். அந்தக் காசில் நல்ல டார்ச் வாங்குங்கள்.

கேட்டாலும் ஓடும் என்று நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒலி கேட்டதும் தைப்பான் போன்ற விஷப்பாம்புகள் விலகின. வோமா என்ற மலைப்பாம்போ ஒலி வந்த பக்கமே நகர்ந்தது!

அப்போ தடியால் தட்டி நடப்பது? நல்ல பழக்கம், ஆனால் இடம் பார்க்க வேண்டும். ஒரு சோதனை செய்யுங்கள். காய்ந்த வரப்பில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, பத்தடி தள்ளி ஒருவரைத் தடியால் தரையைக் குத்தச் சொல்லுங்கள். 'திம்' என்று கையில் ஏறும். அதையே சேற்றில் செய்தால் அவ்வளவாகத் தெரியாது, குழைந்த மண் அதிர்வை விழுங்கிவிடும். நீங்கள் மடை திருப்பும் இடம் சேறுதானே?

அப்புறம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவை அதிர்வு தெரிந்தாலும் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். தம் நிறத்தை நம்பி ஒளியும் பாம்புகள் அவை. மிதித்தால்தான் தெரியும். அதனால் முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். டார்ச் வெளிச்சம் தூரத்தில் வேண்டாம், அடுத்த அடி வைக்கும் இடத்தில் விழட்டும். மடைவாயில் புல் மண்டியிருந்தால் கையை விடாமல், மண்வெட்டியால் ஒதுக்கிப் பார்த்துவிட்டுக் குனியுங்கள்.