ரெண்டு வருஷ சைபர் செக்யூரிட்டி படிப்பு: நம்ம ஏரியா கேள்விகள்

வட சென்னை தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள் நான். எம்.எஸ்ஸி. இரண்டு வருடம் முடித்துவிட்டு, இப்போது கம்ப்யூட்டர்களில் யாராவது புகுகிறார்களா என்று பார்க்கும் எஸ்.ஓ.சி. என்கிற கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் பார்க்கிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டது நிறைய சேர்ந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து: அக்கா, பி.எஸ்ஸி. கணிதம் முடிக்கப் போகிறேன். எம்.எஸ்ஸி. சைபரா, எம்.சி.ஏ.வா?

இரண்டுமே இரண்டு வருடம்தான். எம்.சி.ஏ. 2020-21 முதல் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலும் தகவல் பாதுகாப்பும் சேர்ந்த எம்.எஸ்ஸி. இருக்கிறது. ஹார்ட் டிஸ்க், சாட்சியம், வழக்கு என்று மனசு போனால் அந்தப் பக்கம். கோடிங் பிடிக்கும் என்றால் எம்.சி.ஏ. எங்கே சேர்ந்தாலும் முதல் செமஸ்டர் பாடத்தைப் பாருங்கள். நெட்வொர்க்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் இல்லாமல் எடுத்ததுமே ஹேக்கிங் என்றால் எனக்கு நம்பிக்கை வராது.

ராயபுரத்திலிருந்து: டூல் பெயரே நூறு இருக்கிறது. இரண்டு வருடத்தில் எதைத்தான் கற்றுக்கொள்வது?

லாக் படிக்க, அதாவது யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் பதிவைப் படிக்க. டூல் மாறிக்கொண்டே இருக்கும், இது மாறாது.

விண்டோஸில் தப்பான பாஸ்வேர்டு போட்டால் 4625 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். சரியாக உள்ளே போனால் 4624. ஒரே கணக்கில் இரண்டு நிமிடத்துக்குள் நாற்பது 4625 வந்து, வாலில் ஒரு 4624 வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும், யாரோ பாஸ்வேர்டை ஊகித்தே உள்ளே போயிருக்கலாம். அடுத்து 4720 வந்தால் புதுக் கணக்கு ஒன்று முளைத்திருக்கிறது. 1102 என்றால் பாதுகாப்புப் பதிவையே யாரோ துடைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்து, நடந்தது என்ன என்று அரைப் பக்கம் எழுதிப் பழகுங்கள். எளிய ஆங்கிலம் போதும். தமிழ் மீடியம் என்று பயப்பட வேண்டாம்.

நேரத்தையும் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கோட்டை விட்டது அதில்தான். விடியற்காலை 3 மணிக்கு ஒரு ஊழியரின் கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று அவசர அறிக்கை அனுப்பினேன். லாகில் இருந்தது யு.டி.சி. என்கிற உலகப் பொது நேரம், நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த அம்மா எட்டரைக்கு ஆபீஸ் வந்து கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான். "வாட்ச் கட்டியிருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டார் சீனியர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

2022-இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் மாதிரி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். லாகை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். அதனால் லாக் படிக்கத் தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: லேப்டாப் எது வாங்கலாம்?

16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. ஒரே மெஷினுக்குள், பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸும் விண்டோஸும், கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் சேர்ந்து ஓட வேண்டும், 8 ஜிபியில் மூச்சு வாங்கும். கையில் பழையது இருந்தால், ராம் போட இடம் இருக்கிறதா என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கேமிங் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

காசிமேட்டிலிருந்து: பக்கத்து வீட்டு வைஃபையை உடைத்துப் பழகலாமா அக்கா?

கூடாது தம்பி. ஐ.டி. சட்டம் 66-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உன் வீட்டு ரவுட்டரில் பழகு. உடைப்பதற்கென்றே ஓட்டைகளோடு செய்து வைத்த மெட்டாஸ்ப்ளாய்டபிள் என்ற பயிற்சி சிஸ்டம் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ஆசை தீர விளையாடு.

திருவொற்றியூரிலிருந்து: தங்கச்சி, நான் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். பையன் இதைப் படித்தால் இந்தப் பக்கம் உபயோகப்படுமா?

அண்ணா, இதை யாரும் கேட்கமாட்டார்களா என்றிருந்தேன். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கம்ப்யூட்டர் வைரஸ் தாக்கி மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் கம்பெனி முடங்கியபோது, மும்பை பக்கம் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. கிரேன், பம்ப், டர்பைன் எல்லாவற்றையும் இன்று கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. அதற்கான பாதுகாப்புக்கு ஓ.டி. (ஆபரேஷனல் டெக்னாலஜி) செக்யூரிட்டி என்று பெயர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் என்றால் பிடுங்கிப் போட்டுவிடலாம். ஓடுகிற டர்பைனை அப்படிச் செய்ய முடியுமா? துறைமுகமும் அனல்மின் நிலையமும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்தப் பயம் சொல்லாமலே புரியும். புராஜெக்டை இதில் எடுக்கச் சொல்லுங்கள்.

கொடுங்கையூரிலிருந்து ஒரு அம்மா: மூன்று மாத கோர்ஸ் படித்தாலே நூறு சதவீதம் வேலை என்கிறார்களே, ரெண்டு வருஷம் எதற்கு? பெண் பிள்ளைக்கு நைட் ஷிப்ட் வேறு வருமாமே?

நூறு சதவீதத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பேச்சு மாறும். நைட் ஷிப்ட் உண்மைதான்மா, எஸ்.ஓ.சி. 24 மணி நேரமும் ஓடும். தணிக்கை, தடயவியல் பக்கம் பெரும்பாலும் பகல் வேலை. எனக்கு ராத்திரி கேப் வருகிறது. ஆனாலும் எங்கள் அம்மா தெருமுனை வரை வந்து வண்டி நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்புவார்.