கும்பகோணத்திலிருந்து கொல்லிமலைக்கு மின்சாரக் கார்: சார்ஜ் தாங்குமா?

கொல்லிமலை ஏறி, ஆகாய கங்கை அருவி வரை நடந்துவிட்டு வர சார்ஜ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும். ஆனால் டெல்டாவின் சமதளத்தில் ஓடிப் பழகிய வண்டி காட்டும் கிலோமீட்டர் கணக்கு மலையில் எடுபடாது. 1,700 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயர, தூரச் செலவு போக, உயரத்துக்கு மட்டுமே சுமார் 5 யூனிட் வேண்டும். அதனால் நாமக்கல்லிலேயே 80 சதவீதம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

70 கொண்டை ஊசி வளைவுகளில் சதவீதம் மளமளவென்று குறைந்தபோது எங்கள் காருக்குள் பேச்சே நின்றுபோனது. பயப்பட வேண்டாம், இறங்கும்போது மோட்டாரே வேகத்தைக் கட்டுப்படுத்தி மின்சாரம் உண்டாக்குவதால், அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பி வரும். மேலே விடுதியில் ராத்திரி முழுக்கச் சொருகி 100 ஆக்கிவிடாதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்தை வாங்க இடமிருக்காது, பிரேக்தான் சூடேறும். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், முழங்காலுக்கும் சார்ஜ் வேண்டும்.