நுகர்வோர் கேள்வி-பதில்: விலைப் பலகையைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: உழவர் சந்தையில் காய்கறி மலிவு என்கிறார் மாமியார். தெருமுனைக் கடையிலும் ஏறக்குறைய அதே விலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு தூரம் போய் வருவதில் லாபம் இருக்கிறதா?
- வாசகி, மதுரை

பதில்: இருக்கிறது. ஆனால் எந்தக் காயை எப்போது வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் உழவர் சந்தையே உங்கள் ஊரில்தான் தொடங்கியது, 1999 நவம்பர் 14 அன்று. விளைவித்தவரே நேரில் விற்க வேண்டும், நடுவில் தரகர் கூடாது என்பதுதான் திட்டம். அவர்களிடம் கடை வாடகை வாங்குவதில்லை, தராசும் இலவசமாகக் கிடைக்கிறது. விலையை யாரும் தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. தினமும் காலையில் மொத்தச் சந்தை விலையைக் கேட்டறிந்து, அதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளியே சில்லறையில் விற்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி நிர்ணயித்து, பலகையில் எழுதிப் போடுவார்கள். மொத்தச் சந்தையில் கத்தரிக்காய் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் 36 இருக்கும், தெருக்கடையில் 42 சொல்வார்கள். விவசாயிக்கு 6 ரூபாய் கூடுதல், உங்களுக்கு 6 ரூபாய் மிச்சம்.

வாரம் 400 ரூபாய்க்குக் காய் வாங்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கில் 60 ரூபாய் மிஞ்சும். ஆட்டோவில் போய் வந்தால் அது ஆட்டோவுக்கே சரியாகிவிடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதில் போங்கள். வாரத்துக்கு ஒரு நடை போதும்.

கத்தரி, வெண்டை, அவரை, முருங்கை, கீரை மாதிரி சுற்றுவட்டாரத்தில் விளைவதை அங்கே வாங்குங்கள். விலையும் நன்றாக இருக்கும், அன்றைக்குப் பறித்ததாகவும் இருக்கும். தூரத்திலிருந்து வரும் உருளை, கேரட் போன்றவற்றில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். தெருக்கடையும் சந்தையும் ஒரே விலை என்று உங்களுக்குத் தோன்றியதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். காலையில் சீக்கிரம் போனால்தான் நல்ல காய் கிடைக்கும். உள்ளே நுழைந்ததும் முதலில் பலகையைப் படியுங்கள். அதற்கு மேல் யாராவது விலை சொன்னால் அங்கேயே இருக்கும் நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம். விற்பவருக்குப் படத்துடன் அடையாள அட்டை இருக்கும், அதைக் கேட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை.

ஒரு வேண்டுகோள். பலகை விலைக்குக் கீழே பேரம் பேச வேண்டாம். விடியும் முன்பே காயைப் பறித்துச் சுமந்து வந்தவருக்குக் கிடைக்கும் கூடுதல் பணம் அந்தச் சில ரூபாய்தான்.

கேள்வி: எங்களிடம் அரிசி அட்டை இருக்கிறது. ரேஷன் அரிசி வேண்டாம் என்பதால் கடைக்கே போவதில்லை. பருப்பு, எண்ணெய்க்காகப் போனாலும் உப்பு, சோப்பு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போகலாமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: கட்டாயம் போங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பு மட்டுமே 100 ரூபாயைத் தாண்டி விற்கிறது. அரிசி வாங்காமல் இவற்றை மட்டும் வாங்கலாம். சர்க்கரை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அரிசி தவிர மற்றவை உண்டு. நமக்கு வசதி இருக்கிறதே, வரிசையில் நின்றால் யாராவது பார்ப்பார்களே என்று கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்குமான திட்டம். அட்டை உங்கள் பெயரில் இருக்கிறது, பொருளும் உங்களுடையது.

உப்பும் சோப்பும் விருப்பப்பட்டால் வாங்க வேண்டியவை. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதற்காகப் பருப்பை நிறுத்தவும் கூடாது. வாங்கியதும் பதிவு செய்த கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அதில் இருப்பதும் பையில் இருப்பதும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். நீங்கள் போகாத மாதத்தில் பொருள் வாங்கியதாகச் செய்தி வந்தால் சும்மா விடாதீர்கள். 1967 அல்லது 1800 425 5901 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். கடை எண்ணையும் தேதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஆலையிலிருந்து நேரடியாக அரிசி வாங்க நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: நல்ல யோசனை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் செய்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு அது இல்லை. 26 கிலோ மூட்டை திடீரென்று கடைகளில் முளைத்தது இதனால்தான். பெரிய மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்வதில் இந்த லாபமும் சேரும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு கிலோ மாதிரி வாங்கி, இரண்டு மூன்று வீடுகளில் வடித்துப் பாருங்கள். பழைய அரிசியா புது அரிசியா என்பது சோற்றில்தான் தெரியும். பணத்தை எல்லாரிடமும் முன்கூட்டியே வசூலித்துவிடுங்கள். ஒரே ஆள் கைப்பணம் போட்டு அப்புறம் வீடு வீடாகக் கேட்டு அலைந்தால், இரண்டாவது மாதமே ஏற்பாடு நின்றுவிடும். ரசீது வாங்கி எல்லாருக்கும் காட்டுங்கள். மூட்டை வந்ததும் எடை போடுங்கள்.

அரிசி, முழு உளுந்து, புளி, மிளகாய் மாதிரி தாங்கும் பொருட்களுக்கு இது பொருந்தும். ரவை, மாவு வகைகளில் சீக்கிரம் வண்டு விழும், வேண்டாம். டின்னிலிருந்து ஊற்றித் தரும் எண்ணெயும் வேண்டாம். சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை இருக்கிறது. கலப்படம் நடந்தால் யாரைக் கேட்பது?

கேள்வி: கூட்டுறவு அங்காடியில் வாங்க உறுப்பினராக இருக்க வேண்டுமா?
- வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: தேவையில்லை, யாரும் வாங்கலாம். உங்கள் பகுதியில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று. ஆனால் கூட்டுறவு என்பதற்காக எல்லாமே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். எம்ஆர்பியில் எவ்வளவு தள்ளுபடி என்பதைவிட, ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு கிராமுக்கு என்ன விலை என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டு கடைகளை ஒப்பிட அதுதான் சரியான கணக்கு.