சுருதி இறங்கினால் என்ன?

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாள்களிலிருந்து நான் ராபர்ட் பிளான்ட் ரசிகன். லெட் செப்பலின் ராக் குழுவில் அவர் குரலைக் கேட்டுத்தான் ராக் இசைக்குள்ளேயே வந்தேன். அண்மையில் சேவிங் கிரேஸ் குழுவோடு அவர் பாடும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். மேல் ஸ்தாயி பக்கமே போகவில்லை. மனம் கனத்துவிட்டது. உச்சத்தில் இருந்தபோதே அவர் ஓய்வு பெற்றிருக்கலாமோ? என் மகனுக்கு அவரை அறிமுகப்படுத்த எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வயதான குரல்களைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் பிரியம் புரிகிறது. ஆனால் ‘ஓய்வு பெற்றிருக்கலாமோ’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

என் அப்பா நன்றாகப் பாடுவார். மேடையில் அல்ல, சவரம் செய்யும்போது, துணி மடிக்கும்போது. அறுபதைத் தாண்டியபின் ஒருநாள் பாதிப் பாட்டில் குரல் உடைந்தது. பக்கத்தில் இருந்த உறவினர், “இனிமே கேக்கறதோட நிறுத்திக்கலாமே” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்பா அதன்பிறகு பல ஆண்டுகள் இருந்தார், பாடவே இல்லை. உங்களுடையதும் அதே அன்புதான். அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

வயது ஏறினால் குரல்நாண் மெலியும், குரல்வளைக் குருத்தெலும்பு இறுகும், மூச்சு குறையும். எல்லாத் தொண்டைக்கும் உள்ளதுதான், விடுங்கள். மிச்சம் இருப்பதை வைத்துப் பாடகர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

1998இல் லெட் செப்பலினின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜோடு சேர்ந்து ‘ப்ளீஸ் ரீட் த லெட்டர்’ என்ற பாடலைப் பிளான்ட் பதிவுசெய்தார். பேஜின் கிட்டாரை மீறிக் குரல் எழ வேண்டிய பாட்டு அது. 2007இல் ‘ரெய்சிங் சாண்ட்’ ஆல்பத்துக்காக அதையே பிடிலும் வாசிக்கும் அமெரிக்கப் பாடகி அலிசன் க்ராஸோடு திரும்பப் பாடினார். வேகம் தணிந்துவிட்டது. க்ராஸின் பிடில் கூடவே வருகிறது. இரண்டு குரலும் ஒட்டி நகர்கின்றன. இத்தனை காலம் முன்னால் தனியாக நின்று பாடிய மனிதர், பக்கத்தில் இருப்பவர் சொல்லை எங்கே முடிக்கிறார் என்று கவனித்து, அங்கேயே தானும் முடிக்கிறார். இது சத்தம் போட்டுப் பாடுவதைவிடக் கடினம். இருபது வயதுப் பிளான்டால் இதைச் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அவருக்கு அப்போது அடங்கிப் பாட வேண்டிய தேவையே இல்லை. 2009 கிராமியில் இந்தப் பாட்டுக்கு ஆண்டின் சிறந்த பதிவு விருதும், ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் கிடைத்தன. விருது கிடக்கட்டும். அந்தப் பல்லவியை மட்டும் இரண்டு பதிவிலும் கேளுங்கள், போதும்.

அந்த ஆல்பம் வந்த சில வாரங்களில், 2007 டிசம்பர் 10 அன்று, லண்டனில் லெட் செப்பலின் ஒரே ஓர் இரவு மீண்டும் கூடியது. மறைந்த ஜான் பான்ஹமின் இடத்தில் அவர் மகன் ஜேசன் டிரம்ஸ் வாசித்தார். சில பாடல்களைச் சுருதி இறக்கித்தான் வாசித்தார்கள். அப்படியே உலகம் சுற்றியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். பிளான்ட் 2008இல் க்ராஸோடு கிளம்பிவிட்டார். பழைய ரசிகர்கள் பலருக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அப்போதுதான்.

அவர் புதிது புதிதாகக் கற்றுக்கொண்டு போகிறார். நீங்கள் எழுபதுகளின் ஆல்பங்களோடு நின்றுவிட்டு அவரை நிறுத்தச் சொல்கிறீர்கள். அநியாயம் இல்லையா?

மகனுக்கு எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள். ஒப்பிட்டு வருந்த அவனிடம் பழைய குரல் எதுவும் இல்லை, அவன் சரியாகவே கேட்பான். நீங்கள்தான் 1998 பதிவையும் 2007 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். காணொளி வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள். அப்புறம் எழுதுங்கள், சண்டை போடுவதானாலும் சரி.