சரஸ்வதி பூஜைக்கு வச்ச பைபிள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் இந்து, வயசு 47. ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் கிறிஸ்தவ ஸ்கூல்ல படிச்சேன். போன மாசம் எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷினுக்குள்ள படுத்திருக்கும்போது பயத்துல வாய்ல வந்தது "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" தான், முருகா கூட வரல. வீட்டுக்காரர் கிண்டல் பண்றார். எனக்கே ஒரு மாதிரி இருக்கு. இது தப்பா மேடம்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: தப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, முருகன் கோவிச்சுக்க மாட்டார். தெனம் காலைல ப்ரேயர் பெல் அடிச்சதும் கண்ண மூடி மூணு வருஷம் சொன்னது, அது பக்தியோ இல்லையோ, நாக்குல போய் உக்காந்துருச்சு, பதினாறாம் வாய்ப்பாடு மாதிரி. உங்க வயசுக்கும் மேல ஆகுது எனக்கு, இன்னைக்கும் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்"னு கேட்டா பசிக்கும், ஏன்னா எங்க ஸ்கூல்ல மத்தியானம் டிபன் பாக்ஸ திறக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சொல்ல வைப்பாங்க, பக்கத்துல ஒருத்தி எலுமிச்ச சாதம் வச்சிருப்பா, வாசன வரும், ஆமென் வராது.

நான் படிச்சது பாளையங்கோட்டைல, 1984ல ஆறாவது சேந்தேன். ஊசிக்கோபுரம் சர்ச் மணி கேக்குற தூரம். ஸ்கூல் பேர் வேண்டாம், ஏன்னா ஒரு வருத்தமும் சொல்லப் போறேன். எங்க அம்மா காலைல அஞ்சரைக்கே எந்திரிச்சு பிச்சிப்பூ கட்டி தலைல வச்சு அனுப்பும், கேட்டுல ஒரு டீச்சர் நிப்பாங்க, "பூவ எடு". எடுத்து காம்பவுண்டு சுவத்து மேல வைக்கணும், சாயங்காலம் பாத்தா வரிசையா இருபது முப்பது சரம் வெயில்ல காஞ்சு பழுப்பா கெடக்கும், எது யாரோடதுன்னே தெரியாது. பூ வச்சா பாடம் ஏறாதான்னு கேக்க தைரியம் இல்ல. அம்மாகிட்டயும் சொல்லல, சொன்னா கட்டுறத நிறுத்திரும்ல.

ஆனா அதே ஸ்கூல்லதான் வேதபாடப் பரிச்சைல ஏழாவதுல நான் பர்ஸ்ட். அங்கல்லாம் இது சகஜம், நாங்க இந்துப் புள்ளைங்க அத கெமிஸ்ட்ரி மாதிரி உருப்போட்டுருவோம். நோவாவுக்கு மூணு பையன், சேம், காம், யாப்பேத், இன்னைக்கும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், கௌரவர்கள்ல துரியோதனன் துச்சாதனனுக்கு மேல மூணாவது பேரு கேட்டா முழிப்பேன். என் பெஞ்சுல இருந்தவ உபதேசியார் மகள், அதான் சர்ச்சுல வேதம் சொல்லிக் குடுக்குறவரோட பொண்ணு, அவளுக்கு ரெண்டாவது எடம், வீட்டுல செம திட்டு போல, ஒரு வாரம் என்கூட பேசல. கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தவ, முதலூர்க்காரி, தேங்காப்பால்ல கிண்டுன மஸ்கோத் அல்வாவ இலைல மடிச்சு கொண்டுவந்து என் மடில போட்டா. அப்புறம் எட்டாவது முடியுற வரைக்கும் சண்டையே இல்ல.

பரிசா குடுத்தது ஒரு குட்டி பைபிள், கருப்பு அட்ட, ஓரமெல்லாம் செவப்பு. அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு புஸ்தகம் அடுக்கும்போது இத வைக்கவா வேண்டாமான்னு கைல வச்சுக்கிட்டே நிக்குறேன், எங்க ஆச்சி "ஏட்டி, அதுவும் அச்சடிச்ச புஸ்தகந்தான, தூக்கி வை"ன்னுட்டா. அம்மா எல்லாத்துக்கும் வச்ச மாதிரி அதுக்கும் சந்தனம் குங்குமம் வச்சுது. அந்தப் பொட்டு அட்டைல இன்னும் மங்கலா இருக்கு, புஸ்தகம் என் பீரோல இருக்கு. உங்க வீட்டுக்காரர்கிட்ட இதக் காட்டி சொல்லுங்க, நீங்க தனியா இல்லன்னு.

கேள்வி: மிஷனரிங்க ஸ்கூல் கட்டுனது மதம் மாத்தத்தானே? அதப் போய் புகழ்ந்து எழுதுறீங்களே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆமா, அதுக்காகவும்தான், அவங்களே மறைக்கலயே. சீகன்பால்க்னு ஒரு ஜெர்மன் மிஷனரி 1706ல தரங்கம்பாடில வந்து எறங்குனார், அடுத்த வருஷமே பொம்பளப் புள்ளைங்களுக்கு ஸ்கூல், 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சு. புஸ்தகம் இருந்து படிக்க ஆள் இல்லன்னா என்ன பிரயோஜனம், அதான் கணக்கு. எங்க திருநெல்வேலிப் பக்கத்துல ரேனியஸ்னு இன்னொரு மிஷனரி 1820ல வந்தார், அவர் வழியும் அதேதான், சபை எங்கயோ அங்க ஒரு பள்ளிக்கூடம். ஆனா அந்த பெஞ்சுல உக்காந்தது யாருன்னும் பாக்கணும் சார், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் படியவே மிதிக்க விடாத வீட்டுப் புள்ளைங்க. சாயர்புரத்துல பள்ளிக்கூடம் நடத்துன ஜி.யு.போப் மதம் பரப்ப வந்தவர்தான், அவர் கடசில 1886ல திருக்குறளையும் 1900ல திருவாசகத்தையும் இங்கிலீஷ்ல போட்டார். யார் யார மாத்துனாங்கன்னு நீங்களே சொல்லுங்க. நான் புகழவும் இல்ல, பூ சமாச்சாரத்த மேலயே சொல்லிட்டேன்.

கேள்வி: பொண்ணு இந்த வருஷம் ஆறாவது, கிறிஸ்தவ ஸ்கூல். ப்ரேயர்ல கட்டாயம் சேந்து சொல்லணும்னு டீச்சர் சொல்றாங்களாம். நான் மறுக்கலாமா?
- ஒரு அம்மா, சென்னை

பதில்: தாராளமா. அரசியல் சாசனம் 28வது பிரிவு, மூணாவது உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற பள்ளிக்கூடத்துல மதப் பாடத்துக்கும் வழிபாட்டுக்கும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, மைனர்னா பெத்தவங்க சம்மதம் வேணும். 30வது பிரிவுல சிறுபான்மையினர் ஸ்கூல் நடத்த உரிம இருக்கு, அதுக்காக இது இல்லாமப் போகாது. எங்க அப்பாகிட்ட அந்தக் காலத்துல யாரும் கேக்கல, கேட்டிருந்தாலும் "இங்கிலீஷ் நல்லா வந்தா சரி"ன்னு கையெழுத்துப் போட்டிருப்பார், அது வேற. நீங்க ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுதி எச்எம்கிட்ட குடுங்க, சண்ட வேண்டாம். அதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, பாட்டு க்ளாஸ்ல எடம் கெடச்சிருக்கும், கேரல் பாட ஆசயா இருக்கும், நீங்க லெட்டர் குடுத்து அவ அழுதா என்னத் திட்டாதீங்க. பூ வைக்கறதப் பத்தி 28ல ஏதாவது இருக்கான்னும் தேடிப் பாத்தேன், இல்ல.