கோஜே தீவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தென்கொரியாவின் கப்பல் கட்டும் தீவான கோஜேயில் பணிபுரியும் நம்மவர்களின் குடும்பத்தார் கேட்ட கேள்விகளுக்கு, அத்தீவின் ஒக்போ பகுதியில் கணவருடன் வசிக்கும் ஒருவர் அளித்த பதில்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு தந்தை: சியோலில் இறங்கித்தான் தீவுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம், ஐயா. இஞ்சியோன் விமான நிலையத்தில் இறங்கினால், சியோலின் நம்பு பேருந்து நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மேலும் நான்கரை மணி நேரம் பேருந்தில் வர வேண்டியிருக்கும். தீவுக்கு ரயில் கிடையாது. அதைவிடச் சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் விமானம் மாறி, பூசான் நகரின் கிம்ஹே விமான நிலையத்துக்கு வருவதே நல்லது. அங்கிருந்தே கோஜேக்குப் பேருந்து இருக்கிறது. 2010 டிசம்பரில் திறக்கப்பட்ட 8.2 கிலோமீட்டர் கோகா இணைப்பு (பூசானையும் தீவையும் இணைக்கும் பாலமும் சுரங்கமும் சேர்ந்த சாலை) வழியாக வருவீர்கள், அதில் 3.7 கிலோமீட்டர் கடலுக்கு அடியிலுள்ள சுரங்கம். கைப்பேசியில் நேவர் மேப் என்னும் கொரிய வரைபடச் செயலியை இறக்கிக்கொண்டு வாருங்கள்; கூகுள் மேப்ஸை மட்டும் நம்பி இங்கே வழி தேடுவது சிரமம்.

கோவையிலிருந்து ஒருவர்: ஜெஜு தீவுக்கு விசா வேண்டாம் என்கிறார்களே, கோஜேக்கும் அப்படித்தானா?

இல்லை. அது ஜெஜுவுக்கு மட்டும் உரிய சலுகை. கோஜேக்கு வர இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா பெற்றே ஆக வேண்டும்.

திருச்சியிலிருந்து ஒரு தாய்: மகன் அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டான். விசாவுக்கு அது போதாதா?

போதாது, அம்மா. குறுகிய காலப் பயணத்துக்கான சி-3 வகை விசாவில் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். அழைப்புக் கடிதத்துடன், மகனின் வெளிநாட்டவர் பதிவு அட்டை நகல், பணிச் சான்றிதழ், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும், எல்லாவற்றுக்கும் மேலாக அவர் உங்கள் மகன்தான் என்பதைக் காட்டும் ஆவணத்தையும் தயாராக வைத்திருங்கள். நம் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி ஆவணத்தில்தான். மகனின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயருக்கு முன் உங்கள் தந்தையின் முதலெழுத்து இருக்கும். உங்கள் கடவுச்சீட்டிலோ கணவரின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். நமக்கு இது இயல்பாகத் தெரிந்தாலும், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கொரிய அதிகாரிக்கு இரண்டு வெவ்வேறு பெண்மணிகளின் பெயர்களாகவே தோன்றும். ஆகவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி, சென்னையிலுள்ள கொரியத் துணைத் தூதரகம் கேட்கும் ஆவணப் பட்டியலை அன்றைய நிலவரப்படி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: தம்பிக்குக் கோடையில் நீண்ட விடுமுறை வருகிறதாம். அப்போது போகலாமா?

கப்பல் கட்டும் தளங்கள் ஜூலைக் கடைசியை ஒட்டி மொத்தமாக விடுமுறை விடுவது வழக்கம். தம்பி கூடவே இருப்பார் என்பது உண்மைதான். ஆனால் கொரியர்கள் எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பும் நேரமும் அதுவே. அறை வாடகை ஏறும், பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும், புழுக்கமோ நம் ஊரைத் தோற்கடிக்கும். புயல்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். 2003 செப்டம்பரில் மேமி புயல் இந்தத் தென்கரையைத்தான் புரட்டிப் போட்டது. என்னைக் கேட்டால் மே மாதத் தொடக்கமே சிறந்தது: மே 1 தொழிலாளர் நாள், மே 5 குழந்தைகள் நாள் இரண்டையும் ஒட்டி அவர் இரண்டொரு நாள் விடுப்பு எடுத்தால் போதும், குளிரும் விட்டிருக்கும். வேதோ என்னும் பூந்தோட்டத் தீவுக்குப் படகில் போய்வரலாம். ஹக்தோங் கடற்கரையில் மணலுக்குப் பதிலாகக் கருங்கூழாங்கற்கள் பரவிக் கிடக்கும், அலை பின்வாங்கும்போது அவை உருளும் ஓசையைக் கேட்கவே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம்.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர்: மகன் வேலை செய்யும் தளத்துக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

அனுமதியின்றி முடியாது, மகனை அதற்காக நச்சரிக்கவும் வேண்டாம். முன்பு தேவூ என்றும் 2023 முதல் ஹன்வா ஓஷன் என்றும் அறியப்படும் ஒக்போ தளத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களும் கட்டப்படுவதால், படம் எடுப்பதில் கண்டிப்பு அதிகம். 1592இல் கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின் ஜப்பானியக் கப்பற்படையை முதன்முதலில் வென்றது இந்த ஒக்போ விரிகுடாவில்தான். அதற்கான நினைவுப் பூங்காவுக்கு அவசியம் போங்கள்.

மகன் வேலைக்குப் போகும் நாளில், இதே தீவின் கோஹியோன் பகுதியிலுள்ள போர்க்கைதிகள் முகாம் பூங்காவையும் பார்த்துவிடலாம். கொரியப் போரின்போது ஒரு லட்சத்து எழுபதாயிரம் கைதிகள் வரை இத்தீவில் அடைக்கப்பட்டிருந்தனர். 1952 மே மாதம் முகாமின் அமெரிக்கத் தளபதியையே கைதிகள் சிறைப்பிடித்தனர். போர் ஓய்ந்தபின் நாடு திரும்ப மறுத்த கைதிகளின் சிக்கலைக் கையாண்ட நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் நம் ஜெனரல் திம்மையா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த இடம் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்: நான் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

வெளியே சாப்பிடுவதில் எச்சரிக்கை தேவை, அம்மா. காய்கறிக் குழம்பு போலத் தோன்றுவதிலும் நெத்திலிச் சாறு இருக்கும். காய்கறியை ஊறவைத்துச் செய்யும் கிம்ச்சியிலும் பெரும்பாலும் மீன் கரைசல் சேர்ந்திருக்கும். ஆகவே பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி ஆகியவற்றைக் கடையில் கட்டிய உறையோடு கொண்டு வாருங்கள். மாம்பழம் போன்ற பதப்படுத்தாத பழங்களையும் இறைச்சிப் பொருள்களையும் விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். அரிசி, முட்டைக்கோஸ், கீரை, முள்ளங்கி எல்லாம் இங்கேயே கிடைக்கும்.

சமைத்து முடித்தபின் குப்பையில் கவனமாக இருங்கள். உணவுக் கழிவைத் தனியாகப் போட வேண்டும். ஆனால் முட்டை ஓடும் எலும்பும் அதில் சேராது, பொதுக் குப்பைக்குரிய பையில்தான் போக வேண்டும். தவறினால் அக்கம்பக்கத்தார் உங்களிடம் வரமாட்டார்கள், குடியிருப்புக் காவலர் உங்கள் மகனிடம்தான் வருவார்.

சேலத்திலிருந்து ஒருவர்: அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. என்ன முன்னேற்பாடு செய்வது?

தங்கும் நாள்களுக்கும் கூடுதலாக ஒரு வாரத்துக்குமான மருந்தை, மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தூக்க மாத்திரையையும் முன் அனுமதியின்றிக் கொண்டு வர வேண்டாம். மகனின் கொரிய மருத்துவக் காப்பீடு பார்வையாளராக வரும் அப்பாவுக்குப் பொருந்தாது என்பதால், ஏற்கெனவே உள்ள நோயையும் ஏற்கும் பயணக் காப்பீடாகப் பார்த்து எடுங்கள். அவசரத்துக்கு 119, ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. மகனின் வீட்டு முகவரியைக் கொரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.