மருத்துவ மாணவர்கள் கட்டுரையில் ரெஃபரன்ஸ் சரியாகக் கொடுப்பது எப்படி?

கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதில்தான் பலருடைய நேரமும் போகிறது. அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நீங்கள் எண் போட்டுக் காட்டும் கட்டுரை, நீங்கள் எழுதிய வாக்கியத்தை உண்மையிலேயே சொல்கிறதா என்பதை மட்டும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்து, நார்காட்டிக் மருந்து (ஓபியாய்டு வகை வலிநிவாரணி) ஒரு முறையாவது பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாத 4 பேர்தான் அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது அது. வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை எடுப்பவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. 2017-ல் அதே இதழில் வந்த ஆய்வு, இந்தக் கடிதத்தைக் காட்டிய 608 கட்டுரைகளைப் புரட்டியது. 72.2 சதவீதம், ஓபியாய்டு எடுத்தால் அடிமையாவது அரிது என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டியிருந்தன. அவர்கள் உள்நோயாளிகள் என்பதை 80.8 சதவீதம் சொல்லவே இல்லை.

எனவே முதல் விதி: இன்னொருவர் கட்டுரையின் பட்டியலிலிருந்து எண்ணைத் தூக்கி உங்கள் பட்டியலில் போடாதீர்கள். மூலத்தைத் திறந்து, யாரை ஆராய்ந்தார்கள், என்ன டோஸ், எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள் என்று பாருங்கள். அப்ஸ்ட்ராக்ட் மட்டும் படித்தால் போதாது. பக்கவிளைவு பற்றிய முக்கிய விவரம் பல நேரம் உள்ளே அட்டவணையில்தான் இருக்கும். முழுக் கட்டுரை கிடைக்காவிட்டால், அதைப் பற்றி நீங்கள் படித்த ரிவியூவையே (பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை) ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். அதுதான் நேர்மை.

எதற்கு எந்த மூலம் என்பதும் முக்கியம். ஒரு டிரையலின் முடிவைச் சொன்னால் அந்த டிரையலையே காட்ட வேண்டும். மருந்தின் டோஸுக்குப் பழைய பாடநூல் பதிப்பு வேண்டாம், நடப்பு வழிகாட்டுநெறி வேண்டும். பல ஆசிரியர்கள் எழுதிய பாடநூல் என்றால் அத்தியாயத்தை எழுதியவர் பெயர், பதிப்பு எண், பக்கம் மூன்றும் தேவை. இணையப் பக்கத்துக்கு நீங்கள் பார்த்த தேதியைப் போடுங்கள், பக்கம் நாளை மாறிவிடலாம்.

வடிவத்துக்கு வருவோம். மருத்துவத்தில் பெரும்பாலும் வான்கூவர் முறைதான். 1978-ல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் அந்த ஊரில் கூடியதால் வந்த பெயர். முதலில் வருவது 1, அடுத்தது 2. அதே கட்டுரை மறுபடி வந்தால் அதே பழைய எண். இதழின் பெயருக்குப் பின் ஆண்டு, தொகுதி, அடைப்புக்குறிக்குள் வெளியீட்டு எண், பக்கம் ஆகியவை 1980;302(2):123 என்ற பாணியில் வரும். இதழின் பெயர்ச்சுருக்கத்தை நீங்களாக உருவாக்காமல் என்எல்எம் (அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம்) கேட்டலாகில் பாருங்கள். ஆறு ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் வான்கூவரில் முதல் ஆறு பேரைப் போட்டு 'எட் ஆல்' (மற்றும் பலர்) என்று முடிப்பது வழக்கம். ஏஎம்ஏ (அமெரிக்க மருத்துவச் சங்கம்) முறையில் முதல் மூன்று பேர். இந்த இரண்டும் ஒரே பட்டியலில் கலப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

எண்ணைப் பத்தியின் கடைசியில் மொத்தமாகக் கொட்டாமல், அந்தந்தக் கூற்றை ஒட்டியே வையுங்கள். ஒரே வாக்கியத்தில் நோயின் பரவலும் சிகிச்சையின் பலனும் வந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண்.

எண்களைக் கையால் தட்டச்சு செய்யவே செய்யாதீர்கள். நடுவில் ஒன்றைச் செருகினால் பின்னால் உள்ள எல்லாம் நகரும். ரெஃபரன்ஸ்களை நிர்வகிக்கும் ஜோடெரோ மென்பொருள் இலவசம், அதில் பிஎம்ஐடி (பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளம் தரும் எண்) அல்லது டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம்) எண்ணைக் கொடுத்தால் விவரம் தானாக நிரம்பும். ஆனாலும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்: தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கலாம், குடும்பப் பெயரும் முதற்பெயரும் இடம் மாறியிருக்கலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையும் ஜோடெரோ எச்சரித்துக் காட்டும். எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த 1998 லான்செட் கட்டுரை 2010-ல்தான் திரும்பப் பெறப்பட்டது. பப்மெட்டில் இன்றும் அந்தக் குறிப்போடு கிடைக்கிறது.

ஏஐ சாட்பாட் தரும் ரெஃபரன்ஸை அப்படியே எடுப்பது ஆபத்து. உண்மையான ஆசிரியர் பெயரோடு, இல்லாத கட்டுரையைத் தந்துவிடும். டிஓஐ திறந்தால் மட்டும் நம்பாதீர்கள், திறந்த பக்கத்தின் தலைப்பும் பொருந்த வேண்டும்.

சமர்ப்பிக்கும் முன் ஜோடெரோ இணைப்பைத் துண்டிப்பதாக இருந்தால், இணைப்புள்ள கோப்பின் நகல் ஒன்றைத் தனியாகச் சேமித்துவிடுங்கள். திருத்தம் கேட்டுத் திரும்பி வரும்போது அந்த நகலில்தான் புதிய ரெஃபரன்ஸைச் சேர்க்க முடியும்.